தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு: டான்ஸ்ரீ மாணிக்கவாசகத்தின் பத்தாண்டுகள்

டான்ஸ்ரீ வெ. மாணிக்கவாசகம் என்றால் இன்றைய இளையோரில் பலருக்கு அது ம.இ.கா. தலைமையகக் கட்டடத்துக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். சற்று வயதானவர்களைக் கேட்டால், துன் வீ. தி. சம்பந்தனுக்குப் பிறகு கட்சித் தலைவராக வந்தவர், கிள்ளானின் நாடாளுமன்ற உறுப்பினர் என்பார்கள். அரசியல் பேசுகிறவர்கள் 1973 தலைமை மாற்றத்தையும், 1977 துணைத் தலைவர் தேர்தலையும் கிளறுவார்கள். கட்சிச் சண்டை நம்மவர்களுக்கு எப்போதும் சுவையான பேச்சு.

அவர் 1964 முதல் 1974 வரை இந்நாட்டின் தொழிலாளர் அமைச்சராக இருந்தார் என்பது அந்தப் பேச்சில் பெரும்பாலும் வருவதில்லை. அந்தப் பத்தாண்டுகளில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கு ரப்பர்க் காட்டிலிருந்து தொழிற்சாலை மண்டலமாக மாறத் தொடங்கியது. இன்று சொந்த வீடு, சேமநிதிக் கணக்கு, பட்டம் படித்த பிள்ளைகள் என்று இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்த வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்ட குடும்பங்களின் கதையும் அங்கேதான். இரண்டிலும் அவருடைய அமைச்சின் கையெழுத்து இருக்கிறது.

அவர் பிறந்தது 1926-ல். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது அவருக்குப் பதினைந்து வயதுகூட நிறைந்திருக்காது. ஆர். எச். நாதன் தலைமையில் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. பிறகு ஜப்பானியர் ஆட்சி, சயாம் மரண ரயில். போர் முடிந்து 1946-ல் ம.இ.கா. தோன்றியபோது மாணிக்கவாசகம் இருபது வயது இளைஞர்.

அந்தத் தலைமுறைக்கு வேலை என்பது இரண்டே வகை: நாள் சம்பளம், மாதச் சம்பளம். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று பெயர் கொடுத்தால் அன்றைக்குக் கூலி. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, கூலியும் இல்லை. மாதச் சம்பளம் என்பது கிராணிமார்களுக்கும், நகரத்தில் ரயில்வே, பொதுப்பணி, தபால், தந்தி, மின்சாரம் ஆகியவற்றில் இருந்தவர்களுக்கும்தான்.

பிரிக்பீல்ட்ஸ் அப்படி உருவான இடம். பெயரே சொல்வதுபோல் ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த வட்டாரம். 1881-ல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரின் மரக் குடிசைகளை அழித்த பின், நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவானது. அந்தச் செங்கல் இங்கிருந்து போனது. பின்னர் ரயில்வே வந்தது, குவார்ட்டர்ஸ் வந்தது. செந்தூலில் ரயில்வே பட்டறை எழுந்தது. இஞ்சின் பழுது பார்ப்பது, பெட்டி கட்டுவது, வார்ப்படம் என்று ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த அந்தப் பட்டறையை, தமிழர்கள் பெருமளவில் சேர்ந்த முதல் தொழிற்சாலை என்றே சொல்லலாம்.

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் குடும்பங்களுக்கும் தோட்டத்துக் குடும்பங்களுக்கும் ஒரே தலைமுறையில் ஏற்பட்ட இடைவெளியைக் கவனித்தால் ஒன்று புரியும். ரயில்வே பிட்டருக்கும் பால்மரம் வெட்டியவருக்கும் உழைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. கையில் வாங்கிய தொகையிலும், சில காலங்களில், மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கவில்லை. ரயில்வேக்காரருக்கு அடுத்த மாதமும் இதே தொகை வரும் என்று தெரியும். அதை நம்பிக் கடன் கொடுப்பார்கள், சீட்டுப் போடலாம், பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் நாலாம் பாரம் வரைக்கும் உட்கார வைக்கலாம். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும் என்ற பயமே பலரை முன்கூட்டி ஒரு சிறு வீட்டுக்குப் பணம் சேர்க்க வைத்தது. தோட்டத்திலும் வேலை போனால் லயத்து வீடு போய்விடும். ஆனால் அங்கே வேறு வீட்டுக்குச் சேர்க்க மிச்சம் எதுவும் இருக்காது.

1959 பொதுத் தேர்தலில் மாணிக்கவாசகம் கிள்ளான் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். தொழிலாளர் துணை அமைச்சர் பொறுப்பு கிடைத்தது. 1964-ல் முழு அமைச்சரானார். அவர் தொகுதியில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத் தொழிலாளர்கள் இருந்தார்கள், ரயில்வேக்காரர்கள் இருந்தார்கள், சுற்றிலும் காப்பார், மேரு பக்கம் தோட்டங்கள் இருந்தன. தொழிலாளர் பிரச்சினை என்றால் அவருக்கு அது கோப்பில் படிக்கிற விஷயம் மட்டும் அல்ல; தொகுதி மக்களின் வீட்டு வாசல் பிரச்சினை.

அந்த ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுக்கொண்டிருந்தன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். வேலையும் லயமும் சேர்ந்தே போயின. இதற்குத் துன் சம்பந்தன் கண்ட வழி எல்லோருக்கும் தெரியும்: 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். மாதம் பத்து வெள்ளி கட்டி, நூறு வெள்ளிப் பங்கு சேர்த்து, தோட்டத்தைத் தொழிலாளியே வாங்குவது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படித்தான் முதலில் வாங்கப்பட்டது. நிலத்தின் மேல் உரிமை இருந்தால் தொழிலாளியை யாரும் துரத்த முடியாது என்பது சம்பந்தனின் கணக்கு. அது பெரிய காரியம், இன்றும் நிற்கிறது. ஆனால் அந்தச் சங்கம் எத்தனை தோட்டம் வாங்கினாலும், தோட்டத்தில் பிறக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் அங்கே மரம் இருக்காது. அடுத்த தலைமுறை வேறெங்காவது வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எங்கே என்ற கேள்வி தொழிலாளர் அமைச்சரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

பதில் பெட்டாலிங் ஜெயாவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1958-ல் வந்த முன்னோடித் தொழில் சட்டம் புதிய தொழிற்சாலைகளுக்கு வரிவிலக்கு கொடுத்தது. சோப்பு, பற்பசை, சிகரெட், பிஸ்கட், பால்மாவு என்று ஒவ்வொன்றாக வந்தன. டன்லப் கம்பெனி 1960-களின் தொடக்கத்தில் அங்கே டயர் செய்யத் தொடங்கியது. இரண்டு தலைமுறையாக நம்மவர்கள் வெட்டி ஊற்றிய பால், கப்பலேறி இங்கிலாந்து போகாமல் பத்துப் பதினைந்து மைல் தள்ளி டயரானது அப்போதுதான். சுங்கை ரெங்கம் தோட்டத்து நிலத்தில் ஷா ஆலம் எழுந்தது. 1965-ல் மட்சுஷிடா நிறுவனம் அங்கே வந்து, நம் வீடுகளுக்கு நேஷனல் மின்விசிறியும் சோற்றுப் பானையும் தந்தது. 1967-ல் பத்து தீகாவில் வால்வோ கார்களைப் பூட்டும் தொழிற்சாலை திறந்தது.

இந்தத் தொழிற்சாலைகளுக்குள் நடக்கும் வேலை என்ன வகையான வேலையாக இருக்கும்? தோட்டம் மாதிரியா, ரயில்வே மாதிரியா? அதை முடிவு செய்த சட்டங்கள் பல மாணிக்கவாசகத்தின் காலத்தில் வந்தவை.

எனக்குத் தெரிந்து அவற்றில் நிலைத்த நன்மை செய்தது சொக்சோ. 1969-ல் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 1971-ல் அவருடைய அமைச்சின் கீழ் சொக்சோ செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் வேலையில் கை போனால், முதலாளி கணக்குப் பார்த்து ஒரு தொகை கொடுப்பார்; அதோடு சரி. அந்தப் பணம் ஒரு வருடத்தில் கரைந்துவிடும். சொக்சோ மாதாமாதம் கொடுத்தது. குடும்பத் தலைவர் வேலையில் இறந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொடர்ந்து வந்தது. ஆரம்பத்தில் மாதம் 500 வெள்ளிக்கு மேல் வாங்காதவர்களுக்குத்தான் அது. உழைக்கும் மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வரம்புக்குள் அடங்கினர். ஏற்கெனவே 1951-லேயே சட்டமான ஊழியர் சேமநிதியோடு சேர்த்துப் பார்த்தால், அரசாங்க உத்தியோகம் இல்லாதவருக்கும் முதுமைக்கு ஒன்று, விபத்துக்கு ஒன்று என்று இரண்டு தூண்கள் கிடைத்தன. ஒரு விபத்தோடு ஒரு குடும்பம் மறுபடி அடிமட்டத்துக்கு விழாமல் இருக்க அந்தத் தூண் வேண்டும். நடுத்தர வாழ்க்கைக்கு மேலே ஏறுவது பாதிதான், மறுபடி விழாமல் இருப்பது மீதிப் பாதி.

தொழிற்பயிற்சியும் அவருடைய அமைச்சின் பொறுப்பில் வளர்ந்தது. பிட்டர், வெல்டர், டர்னர், மின்பணியாளர் ஆகியோருக்கு அரசாங்கப் பயிற்சி நிலையங்கள் அறுபதுகளில் தொடங்கின. 1971-ல் தேசியத் தொழிற்பயிற்சி, திறன் சான்றிதழ் வாரியம் அமைந்தது. அந்தச் சான்றிதழ் வைத்திருந்த பையன் தொழிற்சாலையில் டெக்னீஷியன். இல்லாதவன் ஆப்பரேட்டர், அல்லது தோட்டக்காரன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனாலும் பத்து வருடம் கழித்து ஒரே இடத்தில் வீடு வாங்கியிருக்க மாட்டார்கள். பயிற்சி நிலையத்தில் சேர மூன்றாம் பாரம் தேற வேண்டும், மலாயோ ஆங்கிலமோ வர வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்த பிள்ளைகளில் எத்தனை பேரால் அது முடிந்தது? அந்தத் தடையை அவருடைய அமைச்சு தனியாக அகற்றியிருக்க முடியாது. கல்வி வேறு அமைச்சு. ஆனாலும் ஏணியின் முதல் படி தரையிலிருந்து மிக உயரத்தில் இருந்தது என்பது உண்மை.

இனி மறுபக்கம். 1967-ல் தொழில் உறவுச் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில், அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்த அவசர விதிகள் வந்திருந்தன. 1967 சட்டம் அந்தப் போக்கை நிரந்தரமாக்கியது. தகராறு தொழில் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. எவரை வேலைக்கு எடுப்பது, மாற்றுவது, பதவி உயர்த்துவது, ஆள் குறைப்பது ஆகியவை நிர்வாகத்தின் உரிமை. சங்கம் பேரத்தில் அவற்றைக் கொண்டுவர முடியாது என்ற நிலையும் 1969-க்குப் பிந்தைய திருத்தங்களோடு இறுகியது. முன்னோடித் தொழில்களுக்கு அந்தச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு: ஆரம்ப ஆண்டுகளில், வேலைச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தைவிட மேலான விடுமுறை, ஓ.டி. போன்ற சலுகைகளைக் கூட்டு ஒப்பந்தத்தில் சங்கம் வாங்கிவிட முடியாது, அமைச்சர் அனுமதித்தால் தவிர.

அரசாங்கத்தின் வாதம் எளிமையானது. வேலையில்லாதோர் பெருகுகிறார்கள், முதலீடு வர வேண்டும், முதலீட்டாளர் அமைதியான தொழிற்சாலையை விரும்புவார். 1968-ல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம், 1971-ல் சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டம், அடுத்த ஆண்டில் சுங்கை வே, உலு கிள்ளான் மண்டலங்கள். மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. வேலையும் ஆயிரக்கணக்கில் வந்தது. அதை மறுக்க முடியாது. அந்த வேலைக்கு என்ன சம்பளம் என்று பேரம் பேசும் கை மட்டும் முன்பே கட்டப்பட்டுவிட்டது. மாணிக்கவாசகம் அமைச்சரவையின் கருத்தைச் செயல்படுத்தியவர்தான். இருந்தாலும் சட்டத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்த அமைச்சர் அவர் என்பதால், அதன் நன்மையை அவருக்குக் கொடுக்கும்போது தீமையையும் அவர் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சுங்கை வே தொழிற்சாலைகளின் வெள்ளை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து நுண்ணோக்கியில் கண் பதித்துத் தங்கக் கம்பி இழைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கிராமங்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள் அதிகம். சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பெண்களும் போனார்கள். மூன்று ஷிப்டு. பெண்கள் இரவில் வேலை செய்யத் தொழிலாளர் துறையின் அனுமதி வேண்டும் என்று சட்டம், அனுமதி தரப்பட்டது. கம்பெனிப் பஸ் தோட்டத்து முச்சந்தியில் வந்து நின்றபோது, ராத்திரி வேலைக்குப் பெண்ணை அனுப்புவதா என்று கோயில் திண்ணையில் பேச்சு நடந்தது. பெண் முதல் சம்பளத்தைக் கவரோடு கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்த பின் அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது.

அந்தச் சம்பளம் பெரியது அல்ல. ஆனால் மழைக்கும் ரப்பர் விலைக்கும் கட்டுப்படாதது. வீடு அதோடு ஒட்டிக்கொண்டு வராதது இன்னொரு முக்கியம். பால் வெட்டும் தாய் தந்தை லயத்தில் இருந்தபடியே, தொழிற்சாலைக்குப் போகும் இரண்டு பிள்ளைகளின் பணத்தில் மூன்றாவது பிள்ளை ஆறாம் பாரம் படித்தது. கிள்ளானிலும் பூச்சோங்கிலும் வரிசை வீடுகளுக்கு முன்பணம் கட்டியவர்களில் ஒரு பெரும் பங்கு இப்படிப்பட்ட குடும்பங்கள். ஒரே ஆளின் சம்பளத்தில் அது நடக்கவில்லை. மூன்று நான்கு சம்பளச் சீட்டுகள் ஒரே சட்டியில் விழுந்ததால் நடந்தது.

இதெல்லாம் நீல அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு. சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேறு கதை.

1957-க்குப் பிறகு குடியுரிமைக்கு மனுச் செய்ய வழி இருந்தது. தோட்டத்தில் மரம் வெட்ட யாரும் குடியுரிமை கேட்கவில்லை. பாரம் நிரப்ப வேண்டும், சாட்சி வேண்டும், ஒரு நாள் கூலி போகும். இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் ஏராளம். 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது; குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1969 மே கலவரத்துக்குப் பின் அது கடுமையாக அமலானது. சீட்டு வழங்கிய அமைச்சு, மாணிக்கவாசகத்தின் அமைச்சு. முப்பது நாற்பது ஆண்டு இங்கே உழைத்தவர்கள், இங்கேயே பிள்ளை பெற்றவர்கள், நாகப்பட்டினம் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் சுமார் 60,000 இந்தியர்கள் நாடு திரும்பினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்பா கப்பலேற, இங்கே பிறந்த பிள்ளைகள் அத்தை வீட்டில் தங்கிய குடும்பங்கள் உண்டு.

ஒரு தமிழ் அமைச்சரின் துறையே இதைச் செய்ய வேண்டி வந்தது என்பது அவர் வாழ்க்கையின் மிகக் கசப்பான பகுதி. தோட்டத் தொழிலாளர் சங்கமும் ம.இ.கா.வும் முறையிட்டன, தோட்ட வேலைக்குச் சில தளர்வுகள் கிடைத்தன. ஆனால் தளர்வு தோட்டத்துக்குத்தான். சிவப்பு அட்டைக்காரர் இருந்த இடத்திலேயே இருக்கலாம். நகரத்துத் தொழிற்சாலைப் பக்கம் அவரால் எளிதில் போக முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கதவு திறந்த அதே ஆண்டுகளில் அவர்கள் முகத்தில் அது சாத்தப்பட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாமலும் சிவப்பு அட்டையோடும் நம் சமுதாயத்தில் இன்றும் அலைகிறவர்களில் பலர் அந்தக் குடும்பங்களின் வாரிசுகள்.

1973 ஜூனில், துன் ரசாக்கின் சமரசத்துக்குப் பிறகு, சம்பந்தன் விலக, மாணிக்கவாசகம் ம.இ.கா. தலைவரானார். அடுத்த ஆண்டு தொழிலாளர் அமைச்சை விட்டுத் தொடர்பு அமைச்சுக்குப் போனார். கட்சித் தலைவராக அவர் செய்தவற்றைப் பார்த்தால், அமைச்சராகக் கண்ட குறைகளுக்கு வெளியே நின்று மருந்து தேடியதுபோல் தோன்றுகிறது. 1970 கணக்கின்படி தீபகற்ப மலேசியாவின் இந்தியக் குடும்பங்களில் 39.2 விழுக்காடு வறுமையில் இருந்தன; கம்பெனிப் பங்குகளில் இந்தியர் கையில் இருந்தது சுமார் ஒரு விழுக்காடு. புதிய பொருளாதாரக் கொள்கையில் மலாய்க்காரர், சீனர் என்ற பேச்சுதான் பெரிதாக இருந்தது. இந்தியருக்கு என்ன இடம் என்று கேட்டு 1974-ல் ம.இ.கா. ஒரு திட்ட நூல் வெளியிட்டது. சிறு சேமிப்பைத் திரட்ட நேசா கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. யூனிட் டிரஸ்ட் வந்தது. சம்பந்தன் நிலத்தில் செய்ததை இவர் பங்கிலும் வீட்டிலும் செய்யப் பார்த்தார். தொழிற்சாலைக்குள்ளே சங்கத்தின் கையைக் கட்டிவிட்டு வெளியே கூட்டுறவு நடத்தினால் எவ்வளவு தூரம் போகும் என்று அன்றைய தொழிற்சங்கவாதிகள் கேட்டது நியாயமான கேள்விதான்.

தொகுதிச் சீரமைப்புக்குப் பின் 1974-லும் 1978-லும் அவர் பெலாபோஹான் கிள்ளான் தொகுதியில் நின்று வென்றார். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பழைய பெயர் போய் போர்ட் கிள்ளான் ஆகியிருந்தது. பெட்டகக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. சுங்கை வேயில் செய்த மின்னணுப் பொருளும் பெட்டாலிங் ஜெயாவின் டயரும் அவர் தொகுதி வழியாகத்தான் உலகுக்குப் போயின. 1979 மே மாதம் துன் சம்பந்தன் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 12-ம் தேதி மாணிக்கவாசகமும் மறைந்தார். ஐம்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சில மாத இடைவெளியில் இரண்டு தலைவர்களை இழந்த அந்த ஆண்டை அன்றைய தோட்டத்து மக்கள் எளிதில் மறக்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற சட்டங்கள் அவருக்குப் பிறகும் வேலை செய்தன. மின்சாதனத் தொழிலாளர் சங்கம் மின்னணுத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொள்ள எழுபதுகளில் முயன்றபோது, மின்சாதனம் வேறு, மின்னணு வேறு என்று தொழிற்சங்கப் பதிவதிகாரி மறுத்துவிட்டார். 1988-ல் தேசியச் சங்கம் அமைக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்து, சில வாரங்களில், ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் தனிச் சங்கம்தான் என்று பின்வாங்கியது. வட்டார அளவில் மின்னணுத் தொழிலாளர் சங்கங்களுக்கு அனுமதி கிடைக்க 2009 ஆனது. சுங்கை வேயில் முதல் ஷிப்டு தொடங்கிச் சுமார் முப்பத்தேழு ஆண்டுகள். முதல் நாள் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் அதற்குள் ஓய்வு வயதை நெருங்கிவிட்டார்கள்.

இடையில் தோட்டங்களும் போயின. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. கிள்ளானில் நார்த் ஹம்மொக் தோட்டம் செத்தியா ஆலம் ஆனது. அப்போது ஏற்கெனவே ஓரிரு பிள்ளைகள் தொழிற்சாலையில் இருந்த குடும்பம் சமாளித்துக்கொண்டது. இல்லாத குடும்பம் அடுக்குமாடிக்கும் புறம்போக்குக் குடிசைக்கும் போனது. ஆயாக் கொட்டகை, கோயில், பந்துத் திடல் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு நகரத்தில் கிடைத்தது பாதுகாவலர் வேலை, லோரி வேலை, குத்தகைத் துப்புரவு வேலை. தொழிற்சாலைகளோ தொண்ணூறுகளிலிருந்து வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தன. ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிப் போக வேண்டிய ஆள், குடும்பத்தைக் கொண்டுவர முடியாத ஆள், கம்பெனி காட்டும் விடுதியில் தங்க வேண்டிய ஆள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013-ல் 900 வெள்ளியில் அமலுக்கு வரும்வரை, ஆப்பரேட்டர் சம்பளம் உள்ளூர்க் குடும்பம் வாழும் அளவுக்கு ஏறாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாணிக்கவாசகம் அமைச்சராக இருந்தபோது, 1966-ல், தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் ஒன்று வந்தது. லயத்து வீட்டில் அறை எத்தனை, தண்ணீர் எங்கே, கழிப்பிடம் எங்கே என்பதெல்லாம் முதலாளியின் தயவாக இல்லாமல் சட்டமான கதை அது. 1990-ல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. அதுவும் முதன்மையாகத் தோட்டங்களுக்குத்தான். 2019-ல் அதைத் திருத்தி, 2020 ஜூன் முதல் தொழிற்சாலைத் தொழிலாளர் விடுதிகளுக்கும் பொருந்தச் செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கிள்ளான் மேரு வட்டாரத்தில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் கொவிட் தொற்று பரவியபோது, ஓர் அறைக்குள் அடுக்குக் கட்டில்களில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணப் போன தொழிலாளர் துறை அதிகாரிகள் கையில் எடுத்துப் போனது அந்தச் சட்டத்தைத்தான்.